பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்காக அரசு அலுவலகம் ஏறி இறங்கியவள் சொல்வது

பதினெட்டு வயது முடிந்து குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்காக அரசாங்கத்திடம் போய்ப் பேசும் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மதுரையில் இருந்துகொண்டு அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. சேமிப்பு போனது, பார்த்துக்கொண்டிருந்த வேலை போனது, உடம்பும் கெட்டது. இப்போது திண்டுக்கல்லிலிருந்தும் நெல்லையிலிருந்தும் என்னைப் போலவே இல்லத்தில் வளர்ந்த தம்பி தங்கைகள் போன் செய்கிறார்கள். "அக்கா, நாங்களும் இதைக் கையில் எடுக்கப்போறோம், எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். அதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

நான் வளர்ந்தது மதுரை மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில். பிளஸ் டூ முடித்து வெளியே வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கையில் இருந்தன. இல்லத்தில் சமைத்துப்போட்ட அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச காலம், அப்புறம் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி என்று நாள் ஓடியது. தட்டச்சு தெரியும் என்பதால் ஆட்சியர் அலுவலகம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டிடிபி வேலை கிடைத்தது. மாதம் ரூ.11,000. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்குக் கடையில் நிற்க இடம் இருக்காது. பட்டா, முதியோர் உதவித்தொகை, சாலை, குடிநீர் என்று மனு அடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை ஒரு தம்பி வந்தான். வேறு ஒரு இல்லத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவன். துணிக்கடை பிளாஸ்டிக் பையில் எல்லாச் சான்றிதழையும் மடித்து வைத்திருந்தான். அதில் ஒரு வங்கிப் பாஸ்புக். முதல் பக்கத்தில் அவன் பெயர், அதற்குக் கீழே காப்பாளர் என்று இல்லக் கண்காணிப்பாளரின் பெயர். உள்ளே ரூ.7,300 இருந்தது. அவன் படிக்கும்போது யார் யாரோ அவன் பெயரில் போட்ட பணம். வங்கியில் காப்பாளர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அந்தக் கண்காணிப்பாளர் எப்போதோ மாறிப் போய்விட்டார். சரி, மேஜர் கணக்காக மாற்றிக் கொடுங்கள் என்றால் முகவரிச் சான்று கேட்டார்கள். ஆதாரில் இருப்பது இல்லத்தின் முகவரி. இல்லத்தில் கேட்டால், "நீதான் இங்க இல்லையேப்பா, எப்படி இங்க இருக்கேன்னு எழுதித் தர்றது" என்கிறார்கள். தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் அந்தப் பிள்ளை இரண்டு நாளாக மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மனு அடிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. நான் வெளியே வந்த வருஷம் எனக்கு நடந்ததேதான் அவனுக்கும் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரிதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இளைஞர் நீதி சட்டம் 2015, அதில் 46-ஆம் பிரிவு. இல்லத்திலிருந்து 18 வயது முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு, சமூகத்தோடு சேர்ந்து வாழ நிதி உதவி தருவது பற்றிப் பேசுகிறது. இதற்குப் பிற்காப்பு என்று பெயர். 21 வயது வரை தரலாம். தனிச் சூழ்நிலை இருந்தால் 23 வரை நீட்டிக்க 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் வழி இருக்கிறது. அந்த விதிகளில் 25-ஆவது விதியைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு, தொழில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு உதவி, ஆலோசகர், சிறுதொழிலுக்குக் கடன் ஏற்பாடு, இவ்வளவும் எழுதியிருக்கிறது. பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவனுக்கு என்ன தேவை என்று திட்டம் போட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு காகிதம் போட்டதாக நினைவே இல்லை. பிற்காலத்தில் மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் 2022 வழிகாட்டுதலில் பிற்காப்புத் தொகை மாதம் ரூ.4,000 ஆனது. முன்பு ரூ.2,000. அதில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு.

சட்டம் தெரிந்துவிட்டது, இனி கேட்டு வாங்கிவிடலாம் என்ற தைரியத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். "இளைஞர் ஒருங்கிணைப்பாளர்" என்று பதவி, மாதம் ரூ.9,000 கௌரவ ஊதியம், பயணச் செலவு தனி என்றார்கள். ஜெராக்ஸ் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பாதி நாள் வேலைக்கு மாறிக்கொண்டேன். அங்கே என் வேலை என்னவென்றால் மேடையில் ஏறி என் கதையைச் சொல்வது. ஹோட்டல் அரங்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் எப்போது இல்லத்துக்கு வந்தேன், அம்மா எப்படி இறந்தார், வெளியே வந்த முதல் ராத்திரி எங்கே தூங்கினேன் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கைதட்டுவார்கள், சிலர் கண்ணைத் துடைப்பார்கள், அப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் விடுதிக்குத் திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேச முடியாமல் கிடப்பேன். அந்தக் கூட்டங்கள் முடிந்து எந்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போனதில்லை. திட்டக் காலம் முடிந்ததும் கடைசி மூன்று மாத ஊதியம் ரூ.27,000 வரவே இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் என்னிடம் இல்லாததால் கேட்க வழியும் இல்லாமல் போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். உங்களை யாராவது இப்படிக் கூப்பிட்டால், என்ன வேலை, எத்தனை மாதம், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்பதைக் காகிதத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். பயணப் பணத்தை முன்பணமாகக் கேளுங்கள். நமக்குப் பின்னால் கொடுக்க அப்பா அம்மா கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும், வெட்கப்படாதீர்கள். உங்கள் கதையில் எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்று வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு போங்கள். மேடையில் யாராவது அதைத் தாண்டிக் கேட்டால் "அது வேண்டாம் சார்" என்று சொல்லலாம், ஒன்றும் ஆகாது. இன்னொன்று மிக முக்கியம். இல்லத்தில் இன்னும் இருக்கிற பதினேழு வயதுப் பிள்ளையை மேடையில் ஏற்றவோ படம் எடுத்துப் போடவோ விடாதீர்கள். சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. ஒரு நிகழ்ச்சியில் ஒரு பாப்பாவை நிற்க வைத்துப் படம் எடுக்கப் பார்த்தபோது இந்தப் பிரிவைச் சொல்லித்தான் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு தனியாக மனு போட ஆரம்பித்தேன். மனு அடித்தே பிழைத்தவள் என்பதால் இதில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் ஊருக்கு ரோடு கேட்கும் மனுவுக்கும் கொள்கை மாற்றம் கேட்கும் மனுவுக்கும் போகிற வழி வேறு. திங்கட்கிழமை கொடுக்கும் மனு ஒரு எண்ணோடு ஏதாவது ஒரு துறைக்குப் போகும். அங்கிருந்து "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று பதில் வரும், மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கு. முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு அனுப்பினாலும் அது சுற்றிச் சுற்றிக் கீழே இருக்கும் அதே மேசைக்குத்தான் வந்தது. ஒரு அலுவலகத்தில் ஒரு எழுத்தர் என் மனுவை முழுதாகப் படித்துவிட்டு, "ஏம்மா, இதுல ஒன்பது கோரிக்கை இருக்கு. நான் எதுக்குக் கோப்பு போடுறது?" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம் அது. அன்றிலிருந்து ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை. "பொருள்" என்று ஒரு வரி, "பார்வை" என்று போட்டு அதற்குக் கீழே சட்டப் பிரிவு, விதி, முந்தைய கடிதத்தின் ந.க. எண், அதாவது அலுவலகம் போடும் கோப்பு எண். கடைசியில் என்ன உத்தரவு வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில்.

மனுவைத் தபால் பிரிவில்தான் கொடுக்க வேண்டும். அதிகாரி அன்பாகக் கையில் வாங்கிக்கொண்டாலும், கும்பிட்டுவிட்டு நேரே தபால் பிரிவுக்குப் போய் இன்னொரு பிரதியைக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு வட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு போங்கள். முத்திரை மங்கலாக விழுந்தால் மறுபடி குத்தச் சொல்லுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று பின்னால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதிகாரியிடம் முதலில் மனு கொடுத்தோம், அவர் பதில் சொல்லவில்லை என்பதைக் காட்டினால்தான் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி ரிட் போட முடியும். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாத மனு நீதிமன்றத்தில் நிற்காது. என்னிடம் இருந்த பழைய மனுக்களில் பாதிக்கு மேல் முத்திரை இல்லை. அந்த வருஷ உழைப்பு எந்தக் கணக்கிலும் வராமல் போய்விட்டது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

விதிகளை எழுதும்போதும் கவனம் வேண்டும். நான் மத்திய மாதிரி விதியை மட்டும் எழுதியிருந்த மனுவுக்கு, "நமக்குத் தனி விதி இருக்கே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாட்டுக்கு 2017-இல் தனி விதிகள் வந்துவிட்டன. அவற்றில் உள்ள விதி எண்ணையும் சேர்த்து எழுதினால் அந்த வாயை அடைத்துவிடலாம். கூடவே, தமிழ்நாட்டு அநாதை இல்லங்கள் தொடர்பான வழக்கில் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் சேருங்கள். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. நம் மாநிலத்து வழக்கு என்பதால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இனி சொல்வதுதான் எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. இதை மட்டும் யாராவது முதல் வருஷமே சொல்லியிருந்தால் என் சேமிப்பு மிஞ்சியிருக்கும்.

மனுவுக்குப் பதில் வராத கோபத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அதனால் ஆவணமாகக் கேட்க வேண்டும். இந்த நிதியாண்டில் இல்லங்களிலிருந்து 18 வயது முடிந்து வெளியேறியவர்கள் எத்தனை பேர், பிற்காப்புக்கு எத்தனை பேருக்குப் பரிந்துரை போனது, எத்தனை பேருக்கு ஆணை வந்தது, மேலே அனுப்பிய ஆண்டுத் திட்டத்தில் பிற்காப்புக்கு எத்தனை பேர் என்று காட்டியிருக்கிறது, அந்தப் பக்கத்தின் நகல். பெயர் எதையும் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். வெள்ளைத்தாளில் எழுதி ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2. ஒரே கேள்வியைப் பக்கத்து மாவட்டங்களுக்கும் அனுப்பினேன். பதில் வந்ததில் ஒரு மாவட்டத்தில், வெளியேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் பிற்காப்புக்கு என்று மேலே கேட்ட எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. மிகக் குறைவாகக் கேட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தைக் கடை மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் இல்லை, பணம் இல்லை என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கவே இல்லை என்றால் பணம் எப்படி வரும்?

வேலை நடக்கும் விதம் இதுதான். மிஷன் வத்சல்யாவில் ஒவ்வொரு வருஷமும் மாவட்டம் தன் தேவையைச் சொல்லும், மாநிலம் எல்லாவற்றையும் கூட்டித் திட்டம் போடும், டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் உட்கார்ந்து அதற்கு ஒப்புதல் கொடுக்கும். மாவட்டத்தில் எழுதும் எண்ணிக்கையில் நம் பிள்ளைகள் இல்லையென்றால், அதற்கு மேல் எந்த அமைச்சரைப் பார்த்தும் அந்த வருஷம் பயனில்லை. மாநில பட்ஜெட்டும் அப்படித்தான். பிப்ரவரி மார்ச்சில் சட்டமன்றத்தில் வாசிக்கும் கணக்கை அதற்குப் பல மாதம் முன்பே, மழைக்காலத்திலேயே, துறைகள் போட ஆரம்பித்துவிடும். நான் வருஷா வருஷம் பட்ஜெட் அறிவிப்பு வந்து, அதில் நமக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகு ஏப்ரலில் மனு கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொள்கை வேலை என்றால் மேடைப் பேச்சும் ஊர்வலமும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சரியான மாதத்தில் சரியான மேசையில் ஒரு பட்டியல் இருப்பதுதான் அதில் முக்கால் பங்கு.

சென்னைப் பயணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெல்லீஸில் குழந்தைகள் நலத்தைப் பார்க்கும் இயக்குநரகம், கோட்டையில் தலைமைச் செயலகத் துறைகள் இருக்கும் நாமக்கல் கவிஞர் மாளிகை. ராத்திரி ரயிலில் ஸ்லீப்பர் கிடைத்தால் நானூறுக்குள் முடியும், கிடைக்காவிட்டால் பஸ். எழும்பூரில் இறங்கி ஸ்டேஷனிலேயே முகம் கழுவி உடை மாற்றிக்கொள்வேன். ஒரு தடவை போய் வர, சாப்பாடு, ஆட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து ரூ.2,000 ஆகிவிடும், சம்பளமும் பிடித்துவிடுவார்கள். பல தடவை "கூட்டத்தில் இருக்கிறார்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறேன். முன் அனுமதியைப் போனில் மட்டும் நம்பாதீர்கள். முந்தின நாள் மதியம் மறுபடி கூப்பிட்டு உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் இல்லாவிட்டாலும் பயணம் வீணாகாது. நம் கோரிக்கையை நன்றாகப் புரிந்துகொண்ட அதிகாரி திடீரென்று மாறுதலில் போய்விடுவார். எனக்கு அது நடந்தபோது, வீட்டில் ஒருவர் இறந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாரைப் பார்த்தாலும் அன்றைக்கே "இன்று தாங்கள் கூறியபடி" என்று தொடங்கி ஒரு பக்கக் கடிதம் தபால் பிரிவில் கொடுத்துவிடுவேன். ஆள் மாறினாலும் கோப்பில் அது இருக்கும்.

கடைசியில் ஒரு அதிகாரி அம்மையார் என்னைப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துக் கேட்டார். என் கதையை அவர் கேட்கவே இல்லை. "எத்தனை பேர்? ஒருத்தருக்கு மாசம் எவ்வளவு? எவ்வளவு நாளைக்கு? இப்போ இருக்கிற தொகை ஏன் பத்தாது?" இதுதான் கேள்வி. நல்லவேளையாக எங்கள் பிள்ளைகளின் மாதச் செலவை எழுதி வைத்திருந்தேன். மதுரையில் அவர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாட்டோடு ரூ.5,500. பஸ், போன், சோப்பு, மருந்து எல்லாம் அதற்கு மேல். ரூ.4,000 முழுதாக வந்தாலும் விடுதிக்கே பற்றவில்லை. அப்புறம் 2021 மே மாத அறிவிப்புகளை எடுத்து வைத்தேன். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு ரூ.5 லட்சம் வைப்பு வைத்து 18 வயதில் வட்டியோடு தருவதாகச் சொன்னது. மத்திய அரசுத் திட்டத்தில் 18-லிருந்து 23 வரை மாதாந்திர உதவி, 23 வயதில் ரூ.10 லட்சம். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு 18 வயதோடு தேவை முடிந்துவிடாது என்று அரசே ஒத்துக்கொண்ட இடம் அது. எங்கள் அப்பா அம்மா காசநோயிலோ விபத்திலோ இறந்ததால் எங்கள் பசி வேறா என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். அந்த ஒரு பக்கம்தான் நான் எழுதியதிலேயே வேலை செய்த காகிதம்.

இன்னொரு ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெண், இல்லத்தில் அல்ல, குழந்தைகள் நலக் குழு ஆணைப்படி ஒரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவள். சட்டத்தின் 44-ஆம் பிரிவு அது. 18 முடிந்ததும் அந்தக் குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கும் கல்யாணத்துக்கு நிற்கும் சொந்த மகள் இருக்கிறாள். பிற்காப்புக் கேட்டுப் போனால், சட்டத்தின் 2(5) விளக்கத்தில் நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர் என்றுதான் இருக்கிறது, நீ இல்லத்தில் இருந்ததில்லையே என்று சொல்லிவிட்டார்கள். குடும்பத்தில் வளர்வதுதான் குழந்தைக்கு நல்லது என்று அரசே சொல்லிக்கொண்டு, அப்படி வளர்ந்தவளைக் கடைசியில் வெறுங்கையோடு அனுப்புவது பெரிய அநியாயம். உங்கள் ஊரில் மனு போடும்போது வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வந்தவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். அதைத் தனி மனுவாகக் கேளுங்கள். அதற்கான ஆணை தனியாக வர வேண்டியது.

எனக்கு ஆன செலவு: வராத ஊதியம், பயணம், சம்பளப் பிடித்தம் எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. அதில் சீட்டுப் பணம் ரூ.40,000-மும் போனது. அடிக்கடி லீவு எடுத்ததால் கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. டைபாய்டு வந்து படுத்தபோது கஞ்சி வைத்துத் தர வீட்டு மனிதர் ஒருவரும் இல்லை. விடுதிப் பெண்கள்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். குடும்பம் உள்ள ஒருவர் இந்த வேலையில் விழுந்தால் எழுவதற்கு ஒரு வீடு இருக்கும். நமக்கு இல்லை. அதனால் நிலையான வருமானத்தை விடாமல் இதைச் செய்யுங்கள், மூன்று மாத விடுதி வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது சேருங்கள். ஒருவர் படுத்தால் இன்னொருவர் தபால் பிரிவுக்குப் போகலாம்.

பணத்தை விட அதிகம் வலித்தது பிள்ளைகளின் போன்கள்தான். "அக்கா, எப்ப பணம் வரும்?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எத்தனையோ ராத்திரி போனை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன். கொள்கை மாறுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வாரம் சாப்பாடு வேண்டும். இரண்டையும் ஒரே கையில் பிடிக்காதீர்கள். தேதி எதுவும் சொல்லாதீர்கள். அரசாணை வரும் வரை அவர்களுக்கு இப்போதே கிடைக்கக்கூடியதை வாங்கிக் கொடுங்கள். கல்லூரி போகிறவர்களுக்கு பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் ரூ.1,000. இதற்கெல்லாம் சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் வேண்டும். அவற்றை 17 வயதிலேயே, இல்லத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கண்காணிப்பாளர் கையெழுத்துக்கு அப்போது ஒரு நடை போதும், வெளியே வந்துவிட்டால் வருஷமும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட இல்லம் தரும் புகைப்படச் சான்றிதழை ஆதாருக்கு ஏற்றுக்கொள்வார்கள் என்பதை இல்லத்தில் இருப்பவர்களுக்கே பல இடங்களில் நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பாஸ்புக் தம்பிக்கு வங்கியில் பணம் கிடைத்தது, வேறு ஒரு கிளை மேலாளர் முயற்சி எடுத்துக் கணக்கை மாற்றிக் கொடுத்தார். பிற்காப்பு ஆணை இப்போது எங்களுக்குத் தெரிந்த சில பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது, பணம் நேரடியாக அவர்கள் கணக்கில் வருகிறது, மாதம் தவறினாலும் வருகிறது. தொகையைக் கூட்டும் கோரிக்கையும் வளர்ப்புப் பராமரிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கும் கோரிக்கையும் கோப்பில் இருக்கின்றன, எண் என்னிடம் இருக்கிறது. நான் மறுபடி ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமையில்தான் இந்த வேலை. இப்போது நாங்கள் ஐந்து பேர். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் இல்லங்களில் அடுத்த வருஷம் 18 முடியப் போகிறவர்களின் எண்ணிக்கையைச் சேகரித்துக்கொண்டிருக்கிறோம். பெயர் இல்லாமல் பிறந்த மாதம், படிப்பு, தேவை மட்டும். இதைச் செப்டம்பருக்குள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். பக்கத்து மாவட்டங்களில் யாராவது இதே பட்டியலை எடுக்கிறீர்கள் என்றால் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள், காலாண்டுத் தேர்வு வந்துவிட்டால் இல்லங்களில் உங்களை உள்ளே விடமாட்டார்கள்.